மூடுவதா, மறைப்பதா?



சில வாரங்களுக்கு முன் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு தாயார் மட்டும் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். லைட்டை அணைக்கப் போன என்னைப் பார்த்து, "பாஸ்டரய்யா, ஒரு காரியம். யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பையன் குடிச்சிருக்கான்னு நெனைக்கேன்" என்றார்கள். பையனுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. சொந்தக்காரர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி வந்தவன், அம்மா முகத்துக்கு நேரே வராமல் பாத்ரூமுக்குள் போயிருக்கிறான். மறுநாள் காலையில் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது இவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்கள். "அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுருவாங்க. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். நம்ம பிள்ளை குத்தத்த நாமளே வெளிய சொல்லலாமாய்யா? நோவாவோட பிள்ளைங்க ரெண்டு பேரும் மூடத்தானே செஞ்சாங்க? மூடுனவங்களுக்குத்தானே ஆசீர்வாதம்?"

"ஜெபிப்போம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது ஊழியக்காரர் சொல்லுகிற பதில் அது. வீட்டுக்குப் போனேன், சாப்பாடு இறங்கவில்லை. அதே கேள்விக்கு நான் ஒருமுறை தப்பாகப் பதில் செய்து, அதன் பலனையும் கண்டிருக்கிறேன். அதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். (அந்தத் தாயாரிடம் கேட்டு, விவரங்களில் ஒன்றிரண்டை மாற்றித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானே காமைப் போல வெளியே போய்ச் சொன்னவனாகிவிடுவேன்.)

2016இல் நடந்தது. சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் மேடைக்குப் பின்னால் அவன் என்னைக் கடந்து போனபோது ஹால்ஸ் மிட்டாய் வாசனை மூக்கைத் துளைத்தது. அந்த வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனையும் இருந்தது. வெளியூர் பிரசங்கியார் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வாசிக்க ஆள் இல்லை. "போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வா" என்றேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான், போனான், வந்தான், அருமையாக வாசித்தான். நான் அதைப் பற்றிப் பிறகு அவனிடமும் பேசவில்லை, அவன் அப்பாவிடமும் பேசவில்லை. பிள்ளையின் நிர்வாணத்தை மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் நான் மூடினது கன்வென்ஷனை.

எட்டு மாதம் கழித்து பைபாஸில் அவன் ஓட்டின பைக் லாரிக்குப் பின்னால் போய் மோதியது. அவனுக்குத் தோள்பட்டை மட்டும். பின்னால் உட்கார்ந்திருந்த சிநேகிதன், ஒரு சொட்டும் குடிக்காதவன், அவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆராதனையின் நடுவில் அவனை எழும்பி நிற்கச் சொல்லி, பாடகர் குழுவிலிருந்து நீக்கியதை வாசித்தேன். அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். முதலில் மறைத்தேன், அப்புறம் சபை நடுவில் விரித்துக் காட்டினேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த எட்டு மாதத்தில் ஒருநாளாவது அவனோடு உட்கார்ந்து, "என்னப்பா, எப்பத்துலருந்து?" என்று கேட்கவில்லை. அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். சபைக்கு வரவில்லை.

பைபிள் காலேஜில் டிப்ளமா படிக்கையில் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினவன்தான் நான். ஆனாலும் அந்தத் தாயார் கேட்ட பிறகுதான் அதைச் சரியாக வாசித்தேன். காம் கண்டான், வெளியே போய்ச் சொன்னான். அது நமக்குத் தெரியும். சேமும் யாப்பேத்தும் என்ன செய்தார்கள்? பின்னிட்டு நடந்தார்கள் என்பதைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். எங்கே நடந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். கூடாரத்துக்கு உள்ளே நடந்தார்கள். தோளில் வஸ்திரத்தோடு போனார்கள். கூடாரத்தின் திரையை இறக்கிவிட்டு, 'அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதேயுங்கள்' என்று வாசலில் உட்கார்ந்துகொள்ளவில்லை. நோவா விழித்தபோது நடந்ததை அறிந்துகொண்டான் என்றும் இருக்கிறது. ஆகவே மூடுவது என்றால் யாருக்கும் தெரியாமல் செய்துவிடுவது அல்ல. கிடக்கிற ஆளிடத்தில் உள்ளே போகிறவன் மூடுகிறான். திரையை இறக்கிவிட்டுப் போகிறவன் மறைக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

"அப்படியானால் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டுமா பாஸ்டர்? பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் வருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் தாயாரின் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. நம் ஊரில் ஒரு வீட்டின் பேர் கெட்டால் அதைத் திரும்ப எடுக்க ஒரு தலைமுறை ஆகும். ஆனால் எல்லாருக்கும் சொல்லுவது வேறே, உள்ளே வரக்கூடிய ஒருவரிடம் சொல்லுவது வேறே. தோளில் வஸ்திரம் எடுத்துக்கொண்டு வரக்கூடியவர் யார்? அது தாய்மாமனாக இருக்கலாம், ஸ்கூல் வாத்தியாராக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறது மட்டும் வேண்டாம். 'ஒரு சகோதரியின் மகன், தெற்குத் தெரு, பிளஸ் டூ' என்று போட்டால் பேரை எழுதாமலே பேரை எழுதினதுதான்.

மறைக்கிறதனால் வருகிற மோசம் என்னவென்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் அநேகருக்கு, நாம் குடிக்காததினாலேயே, குடியைப் பற்றிய விவரம் தெரியாது. "பீர்தானே குடிச்சான், சரக்கு இல்லையே" என்று ஒரு தகப்பனார் என்னிடம் ஆறுதலாய்ச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் மேல் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கிற சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 60 கிராம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் 52 மில்லி, எடையில் 40 கிராம். ஒரு பீர் என்பது குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு! மனுஷனுடைய ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் வெளியேற்றும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குவாட்டர் குடித்தவன் காலையில் ஆறு மணிக்கு பைக் எடுக்கிறபோதும் அவன் இரத்தத்தில் அது மிச்சம் இருக்கலாம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019இல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கே அபராதம் 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

இதைவிட முக்கியமான இன்னொன்று. மூளையில் 'நில், யோசி' என்று சொல்லுகிற முன்பகுதி இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழுசாய் வளர்ந்து முடிகிறது. பதினேழு வயதில் ஆக்ஸிலேட்டர் தயார், பிரேக் இன்னும் மாட்டி முடிக்கவில்லை. அமெரிக்காவில் 1998இல் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று பல்லாயிரம் பேரை விசாரித்து வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. பதினைந்து வயதுக்கு முன்னே குடிக்க ஆரம்பித்தவர்களில் 100க்கு 40 பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்தில் குடிக்கு அடிமையானார்கள். இருபது இருபத்தொன்று வயதுவரை தள்ளிப்போட்டவர்களில் 100க்கு 10 பேர்தான். ஆரம்பிக்கிற வயது ஒவ்வொரு வருஷம் தள்ளத் தள்ள ஆபத்து குறைகிறது. நாம் பிள்ளைக்கு ஒரு வருஷத்தைச் சம்பாதித்துக் கொடுத்தாலும் அது லாபம்.

வேதபாட வகுப்பில் அடிக்கடி வருகிற சண்டை: குடி பாவமா, வியாதியா? நான் வாரம் முழுவதும் மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறவன், எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லுகிறேன். ஓவர் லோடில் ஓடுகிற மோட்டார் முதல் நாளே புகையாது. உள்ளே வார்னிஷ் கொஞ்சங்கொஞ்சமாய்க் கருகும், மேலே தொட்டால் சூடு மட்டும் தெரியும். அந்தச் சூட்டிலேயே கொண்டுவந்தால் சின்ன வேலை. புகை வந்தபிறகு கொண்டுவந்தால் காயில் முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும். ஸ்விட்ச் போட்டவன் ஒருவன்தான், ஆனால் கருகின பிறகு ஸ்விட்சை அணைத்தால் மட்டும் மோட்டார் ஓடாது. முதல் நாள் அவன் கையில் இருக்கிற தெரிந்தெடுப்பு, மூன்று வருஷம் கழித்து அதே அளவில் அவன் கையில் இருப்பதில்லை. ஆகவே இரண்டு கட்சிக்காரரும் சரிதான், எந்த நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தினமும் குடித்துப் பழகின ஒருவனை, "இன்றைக்கே விடு" என்று அறையில் பூட்டிவைத்து ஜெபிக்கிற வழக்கம் நம்மிடத்தில் உண்டு. ஜெபியுங்கள், நானும் வருகிறேன். ஆனால் முதலில் டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாட்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980இல் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். கைம்பெண்ணாய் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்காமல், தன் வீட்டு அவமானத்தை ஊரறியச் சொல்லி ஆயிரக்கணக்கான வீடுகளை மூடினார்கள். இதுவும் ஒரு மூடுதல்தான்.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்கிற மறைப்பு இன்னும் பயங்கரமானது. பர்த்டே ட்ரீட் என்று மொட்டைமாடியில் கூடுவார்கள். ஒருவன் அளவுக்கு மிஞ்சி விழுந்துவிடுவான். "வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்லே, தூங்கட்டும்" என்று மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போவார்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலில் போனால் அவன் எழுந்திருக்கவே மாட்டான். தம்பிமாரே, இதை வாசிக்கிறீர்களானால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எழுப்பினாலும் எழும்பாமல், உடம்பு சில்லிட்டு, மூச்சு விட்டுவிட்டு வந்தால் அது தூக்கம் அல்ல. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தனியாய் விடாதேயுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். அப்பா அடிப்பார் என்றால் எனக்கு போன் பண்ணுங்கள், நான் வந்து உங்களுக்கு முன்னால் நிற்கிறேன். ஒரு பிள்ளை சாவதற்கு சாராயம் மட்டும் காரணமில்லை, நம்முடைய கோபத்துக்கு அவன் சிநேகிதர் பயந்த பயமும் காரணமாகிறது.

சரி, அந்தப் பதினேழு வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தது யார்? மறுவாரம் தாயாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க பெரியம்மா மகன்யா. கல்யாண வீட்டுல எல்லா பயலுவளுக்கும் ஊத்திக் குடுத்துருக்கான்." அவர் யாரென்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆபகூக் 2:15ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். அங்கே ஐயோ சொல்லப்படுகிறது குடித்தவனுக்கு அல்ல, குடிக்கக் கொடுத்தவனுக்கு. நாமோ பையனுக்கு பெல்ட்டை எடுக்கிறோம், ஊற்றிக் கொடுத்த மச்சானுக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறோம்.

அரசாங்கச் சட்டமும் இந்த விஷயத்தில் ஆபகூக்கின் பக்கம்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மதுக்கடையில் விற்கக்கூடாது. 2015ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மதுவைக் கொடுக்கிறவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 78ஆம் பிரிவு இன்னும் நெருக்கமாய் வருகிறது: பிள்ளையை மது சுமந்து வரப் பயன்படுத்தினாலும் அதே தண்டனை. 'எலே, அந்தப் பையை வாங்கிட்டு வா' என்று மகனை அனுப்புகிற சித்தப்பாமார் நம் குடும்பங்களில் இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

கடைகளை மூட வேண்டும் என்கிறவர்களோடு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் வாலிபனாயிருந்தபோது, 2003 நவம்பரில்தான் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை நடத்த ஆரம்பித்தது. 2015 ஜூலை 31ஆம் தேதி மார்த்தாண்டம் பக்கத்தில் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கேட்டு செல்போன் கோபுரத்தில் ஏறின காந்தியவாதி சசிபெருமாள் அந்தப் போராட்டத்திலேயே உயிரை விட்டார். அந்த மனுஷனுக்கு முன் நான் வாய்ப்பேச்சுக்காரன். ஆனாலும் கடை ஒன்றே காரணமாயிருந்தால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கமாட்டார்கள். அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம். கல்யாண வீட்டு மொட்டைமாடிக்கு அரசாங்கம் வராது. அங்கே நாம்தான் ஏறிப்போக வேண்டும்.

ஏறிப்போனால் பலன் உண்டா? உண்டு என்பதற்கு ஒரு தேசமே சாட்சி. ஐரோப்பாவில் ஐஸ்லாந்து என்று ஒரு குளிர்த் தீவு. 1998இல் அங்கே மூன்று லட்சத்துக்கும் குறைவான ஜனம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 100க்கு 42 பேர் கடந்த ஒரு மாதத்தில் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 100க்கு 5 ஆகக் குறைந்தது. என்ன செய்தார்கள்? பிள்ளைகளைப் பயமுறுத்துவதைக் குறைத்தார்கள், பெரியவர்கள் தங்களை மாற்றிக்கொண்டார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாய் வெளியே சுற்றக்கூடாதென்ற சட்டத்தைப் பெற்றோர் கைக்கொண்டார்கள். அப்பா அம்மாமார் கூட்டமாய் ராத்திரி தெருவில் நடந்தார்கள். 'என் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் குடிக்க இடமில்லை' என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்கும் இசைக்கும் போக ஊராட்சிகள் பணம் கொடுத்தன. ஒரு வீடு மாத்திரம் 'பத்து மணிக்குள் வா' என்றால் பிள்ளை சண்டை போடுவான். தெரு முழுக்க அப்படித்தான் என்றால் எதை வைத்துச் சண்டை போடுவான்?

எரேமியா 35ஆம் அதிகாரத்தில் ரேகாபியர் செய்ததும் இதுவே. தீர்க்கதரிசியே தேவாலயத்து அறையில் குடம் நிறையத் திராட்சரசம் வைத்துக் குடியுங்கள் என்கிறார். அவர்கள் குடிக்கவில்லை. மூதாதை யோனதாப் சொன்ன வார்த்தை இருநூறு வருஷத்துக்கு மேல் நின்றது. நின்றதற்குக் காரணம், அவர்களும் மனைவிகளும் குமாரர் குமாரத்திகளும் எல்லாரும் ஒன்றாய்க் கைக்கொண்டார்கள். ஒரு வாலிபன் மட்டும் தனியே நின்று 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாமோ பதினேழு வயதுப் பிள்ளையைத் தன்னந்தனியே மொட்டைமாடிக்கு அனுப்பி, தானியேலாய் நில் என்கிறோம்.

அதற்காக, பையன்மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவனிடம் பேசினேன். "ஒரே ஒரு தடவைதான்ணே" என்றான். "எனக்கு உன் தடவைக் கணக்கு வேண்டாம். அடுத்த தடவை கை நீட்டும்போது யாரோட போன் நம்பர் உன் ஞாபகத்துக்கு வரும்?" என்று கேட்டேன். யோசித்தான். ஒரு பேரும் வரவில்லை. அதுதான் எனக்குத் துக்கமாயிருந்தது.

இதற்கு நடுவில், அந்த வாரமே திருப்பூருக்கு பஸ் ஏறினேன். கம்பெனி வாசலில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்றேன். தாடி வைத்திருந்தான், மெலிந்திருந்தான். "எதுக்கு வந்தீங்க?" என்றான். "2016லயே வந்திருக்கணும்ப்பா. அந்த ராத்திரி மேடைக்குப் பின்னால உன்கிட்ட கேட்டிருக்கணும். என்ன மன்னிச்சிரு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். டீ ஆறிப்போகும் வரைக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் செயற்கைக் கால் மாத்திட்டானாண்ணே?" என்று கேட்டான். இரண்டு வருஷமாய்க் குடிக்கவில்லையாம். அங்கே ஒரு டாக்டரிடம் போய்வருகிறான். கீபோர்டைத் தொடவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சபை ஹாலில் பதிமூன்று முதல் இருபது வயதுவரையுள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாமாரை வரச்சொல்லியிருந்தோம். பிரசங்கம் இல்லை, காணிக்கைப் பை இல்லை. யார் யார் வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும், கல்யாண வீட்டில் பிள்ளைகளோடு பெரியவர் யார் இருப்பது என்று பேசிக்கொள்ளத்தான். போதை மறுவாழ்வுக்கான இலவச உதவி எண் 14446ஐயும் போர்டில் எழுதிப்போட்டோம். பதினொரு பேர் வந்தார்கள். அடுத்த மாதமும் இரண்டாம் சனிக்கிழமை அதே நேரம் இருக்கும்.

அந்தத் தாயாரும் வந்தார்கள். கணவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லையாம், ஆனால் பெல்ட்டை எடுக்கவுமில்லை. நம் சபைக்கு வராதவர் அவர். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அவரோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.